இணைப்பு மாற்றிக்கொள்ள யாராவது அழைத்தால், துணியைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. "வாகனக் காப்பீடு பற்றி நீங்கள் எழுதிய அருமையான கட்டுரையைப் படித்து வியந்தோம். எங்கள் தளத்துக்கு நீங்கள் ஓர் இணைப்புக் கொடுங்கள், உங்கள் தளத்துக்கு நாங்கள் ஒன்று கொடுக்கிறோம்" என்று இருந்தது. என் தளத்தில் இருப்பதெல்லாம் பிளவுஸ் வெட்டும் முறை, கைக்குழி இழுத்தால் எங்கே பிரிப்பது, பாபினில் நூல் சிக்கினால் என்ன செய்வது என்ற சங்கதிகள்தான். காப்பீடு பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. சொந்த ஸ்கூட்டரின் காப்பீட்டையே தேதி தவறவிட்டுப் புதுப்பிக்கிறவள் நான்.

இந்த மாதிரிக் கடிதங்களால் ஆபத்தில்லை, சிரித்துவிட்டு அழித்துவிடலாம். நம் தொழிலையே செய்கிறவர், நம் கட்டுரையை உண்மையாகவே படித்துவிட்டு, நல்ல தமிழில் எழுதிக் கேட்கும் கடிதத்தில்தான் ஏமாறுகிறோம். நான் அப்படித்தான் ஏமாந்தேன். சொந்தமாகத் தளம் வைத்துச் சமையலோ தோட்டமோ தையலோ எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா மதுரை புது மண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். யாராவது தைத்த துணியைக் கொண்டுவந்து "சரியாக வந்திருக்கிறதா பாருங்கள்" என்றால் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். உட்புறத்தைத் திருப்பித் தையலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டால்தான் தையல் நிற்கும். மேல்நூலில் இறுக்கம் குறைந்திருந்தால் மேலே வரிசை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். அடிநூலைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

2014-இல் துணியும் நூலும் விற்கும் ஒரு தளத்தார் எனக்கு எழுதினார்கள். என் தளத்திலேயே அதிகம் படிக்கப்படுவது கழுத்து அளவு எடுக்கும் கட்டுரை. அதில், முதல் பத்தியிலேயே, அவர்களுக்கு இணைப்புக் கொடுத்தேன். அவர்கள் "எங்கள் நண்பர்கள்" என்று ஒரு பக்கம் வைத்து அதில் என் தளத்தைச் சேர்த்திருப்பதாக முகவரி அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன், இருந்தது. மகிழ்ச்சியாக மூடிவிட்டேன். மூன்று மாதம் கழித்து என் தளத்தின் வருகைக் கணக்கைப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு முறையும் வந்தது நான்தான்.

கணினி படிக்கும் என் அக்கா மகன் அன்று வீட்டில் இருந்தான். "சித்தி, அவர்களுடைய முகப்புக்குப் போய், இந்தப் பக்கத்துக்கு வழி கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்றான். தேடினேன். மேலே மெனுவில் இல்லை, அடியில் இல்லை, தள வரைபடத்திலும் இல்லை. அனுப்பிய முகவரியை அப்படியே தட்டச்சு செய்தால்தான் அந்தப் பக்கம் திறக்கும். வாசலே இல்லாத அறைக்குள் என் பெயர்ப்பலகையை மாட்டியிருந்தார்கள். பிறகு அவன் தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று ஆங்கிலத்தில் அடித்தான். நாலைந்து வரி உள்ள ஒரு கோப்பு திறந்தது. அதில் ஒரு வரி "டிஸ்அலோ" என்று தொடங்கி, அந்த நண்பர்கள் பக்கத்தின் பெயரில் முடிந்தது. தேடுபொறிகளின் தானியங்கிகள் அந்தப் பக்கத்துக்குள் வர வேண்டாம் என்று அதற்குப் பொருள். மனிதர்களுக்கு வழியில்லை, கூகுளுக்கும் அனுமதியில்லை. என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பக்கம் கட்டியிருக்கிறார்கள்!

இதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். 1998-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளின் அடிப்படையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை ஒரு பரிந்துரையாகக் கொள்ளலாம், பலர் பரிந்துரைக்கும் பக்கத்தின் பரிந்துரைக்கு எடை அதிகம் என்பது அதன் சாரம். பரிந்துரை கூடினால் தேடலில் முன்னால் வரலாம், அதனால் அன்றிலிருந்து இணைப்பு என்பது காசு மாதிரி ஆகிவிட்டது. காசு என்று வந்துவிட்டால் கள்ளக் காசும் வரும். எங்கள் காலத்து வலைப்பதிவுகளில் பக்கவாட்டில் நண்பர்கள் பட்டியல் என்று வைத்திருப்போம். அதில் கணக்கு இருந்ததில்லை, பிடித்தவர்களைச் சேர்த்தோம், அவ்வளவுதான். இப்போது கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை உங்கள் பரிந்துரையை வாங்கிக்கொண்டு தங்களுடையதைத் தராமல் தப்பிக்கும் வழியோடுதான் வருகின்றன.

அந்த வழிகள் பல. எல்லாவற்றையும் கண்டுபிடிக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கணினியும் அரை மணி நேரமும் போதும்.

முதலில், அவர்கள் தரும் பக்கத்துக்கு முகப்பிலிருந்து நடந்து போய்ப் பாருங்கள். அனுப்பிய முகவரியைத் தொடாதீர்கள். மூன்று நான்கு அழுத்தலில் போய்ச் சேர முடியாவிட்டால் அது எனக்கு நேர்ந்த கதைதான். போய்ச் சேர்ந்தால், அங்கே இன்னும் எத்தனை தளங்கள் பட்டியலில் இருக்கின்றன என்று பாருங்கள். தையல், தங்கக்கடன், பல் மருத்துவம், சுற்றுலா, சீட்டாட்டம் என்று வரிசையாக இருந்தால் அது நண்பர்கள் பட்டியல் இல்லை, இணைப்புப் பண்ணை. அதில் உங்கள் பெயர் இல்லாமலிருப்பதுதான் உங்களுக்கு மரியாதை.

அடுத்து ரோபோட்ஸ் கோப்பு. மேலே சொன்ன மாதிரியே திறந்து, உங்கள் இணைப்பு இருக்கும் பக்கமோ அது இருக்கும் பகுதியோ தடை வரிகளில் வருகிறதா என்று பாருங்கள்.

பிறகு பக்கத்தின் உட்புறம். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, கண்ட்ரோல் விசையோடு யூ எழுத்தை அழுத்தினால் பக்கத்தின் மூல வரிகள் தெரியும். பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், நானும் முதலில் பயந்தேன். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி உங்கள் தள முகவரியைத் தேடுங்கள். முகவரி மட்டும் சுத்தமாகக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மூன்றில் ஒன்று நடக்கும்.

உங்கள் முகவரி கிடைத்து, அதைச் சுற்றியுள்ள அடைப்புக்குள் "நோஃபாலோ" என்ற ஆங்கிலச் சொல் இருக்கலாம். இது 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் ஏற்றுக்கொண்ட குறி. பின்னூட்டங்களில் குப்பை இணைப்புகளைக் கொட்டியவர்களைத் தடுக்க வந்தது. இந்த இணைப்புக்கு நான் பரிந்துரை தரவில்லை என்று தேடுபொறிக்குச் சொல்வது. இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். நோஃபாலோ போடுவது குற்றமில்லை. மாற்றிக்கொண்ட இணைப்புக்கு அதைப் போடுவதுதான் ஒழுங்கு என்றுகூடச் சொல்லலாம். உங்களிடம் குறியில்லாத இணைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தங்கள் பக்கம் சொல்லாமல் குறி போடுவதுதான் ஏமாற்று.

இரண்டாவது, உங்கள் முகவரி கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னால் அவர்களுடைய முகவரியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது, அழுத்துகிறவர் முதலில் அவர்கள் தளத்துக்குள்ளேயே ஓர் இடைவழிக்குப் போய், அங்கிருந்து உங்களிடம் திருப்பிவிடப்படுவார். அழுத்தல்களை எண்ணுவதற்காக யோக்கியமானவர்களும் இப்படி வைப்பதுண்டு. ஆகவே கேளுங்கள். அந்த இடைவழியும் ரோபோட்ஸ் கோப்பில் தடைபட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், உங்களுக்குப் பரிந்துரை வந்து சேராது.

மூன்றாவது, திரையில் உங்கள் பெயர் தெரியும், மூல வரிகளில் தேடினால் கிடைக்காது. பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் வந்து இணைப்பை எழுதுகிறது என்று பொருள். இதுவும் தன்னளவில் தவறில்லை. ஆனால் சாதாரண நண்பர்கள் பட்டியலை இப்படிச் சுற்றி வளைத்து எழுத எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

மூல வரிகள் திறந்திருக்கும்போதே "நோஇண்டெக்ஸ்" என்றும் ஆங்கிலத்தில் ஒரு முறை தேடிவிடுங்கள். அது இருந்தால் பக்கம் தேடல் முடிவுகளில் வராது. இதே கட்டளையை மூல வரிகளில் வைக்காமல், பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வரே, பக்கத்தோடு கண்ணுக்குத் தெரியாமல் வரும் தலைப்பு வரியாகச் சொல்லிவிடவும் முடியும். அதைப் பார்க்க எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றி, அந்தத் தலைப்பு வரிகளில் அதே சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு தூரம் போகச் சோம்பலாக இருந்தால், கூகுளில் "சைட்" என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்தப் பக்கத்தின் முகவரியை ஒட்டித் தேடுங்கள். பக்கம் புதிதாக இருந்தால் சில வாரம் பொறுத்துத் தேடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் சந்தேகப்படலாம்.

இன்னும் கில்லாடியான ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். என் வீட்டுக் கணினியில் திறந்தால் இணைப்பு இருக்கும், கைப்பேசியின் டேட்டாவில் திறந்தால் இருக்காது. பார்க்கிறவர் யார் என்று பார்த்து ஆளுக்கொரு முகம் காட்டுவது. இதற்குக் கூகுளே தரும் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் என்ற இலவசக் கருவி உதவும். எந்தப் பொதுப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலும், கூகுளின் தானியங்கிக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று மூல வரிகளோடு காட்டும். அதில் உங்கள் முகவரியைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் பேச்சு முடிந்தது.

இவையெல்லாம் ஒரு தளத்துக்கும் இன்னொரு தளத்துக்கும் நேராக நடப்பவை. முக்கோணமாக ஒன்று நடக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். "நீங்கள் எங்கள் பெரிய தளத்துக்கு இணைப்புக் கொடுங்கள், நாங்கள் எங்கள் இன்னொரு தளத்திலிருந்து உங்களுக்குக் கொடுக்கிறோம். நேருக்கு நேர் மாற்றினால் கூகுள் கண்டுபிடித்துவிடும் பாருங்கள்" என்பார்கள், நம் நன்மைக்கே சொல்வதுபோல. எங்கள் ஊரில் மொய் எழுதுவது தெரியும்தானே? உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் ஆயிரம் எழுதினால், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் வந்து எழுத வேண்டும். இவர்கள் தங்கள் கல்யாணத்துக்கு உங்களை வரவழைத்து எழுத வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக்கு ஊர்பேர் தெரியாத ஒருவன் கையில் கிழிந்த நோட்டைக் கொடுத்தனுப்புகிறவர்கள். அந்த "இன்னொரு தளத்தை"த் திறந்து பாருங்கள். ஆளில்லாத தளம், ஒரே நாளில் ஏற்றிய முப்பது கட்டுரைகள், ஒன்றுக்கும் ஆசிரியர் பெயர் இல்லை.

அவர்கள் தளத்துக்கு மதிப்பெண் இத்தனை என்று ஓர் எண்ணையும் கடிதத்தில் நீட்டுவார்கள். மோஸ், ஏரெஃப்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் தாங்களாகக் கணக்கிட்டுத் தரும் எண்கள் அவை. கூகுளின் மதிப்பெண் அல்ல. கூகுள் முன்பு தன் கருவிப்பட்டையில், இணைப்புகளை வைத்துத் தானே கணக்கிட்ட பேஜ்ரேங்க் என்ற எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, 2016-இல் அதையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எண்ணைப் பார்த்து மயங்காமல், அந்தத் தளத்தின் பழைய முகத்தைப் பாருங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்தால், முந்தைய ஆண்டுகளில் அங்கே என்ன இருந்தது என்று தேதிவாரியாகக் காட்டும். சென்ற ஆண்டு பள்ளிக்கூடத் தளமாக இருந்தது இந்த ஆண்டு புடவைக் கடையாகியிருந்தால், கைவிடப்பட்ட முகவரியை யாரோ வாங்கி அதன் பழைய நற்பெயரில் பிழைக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் இதையும் ஒரு மீறலாகத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்தது.

நாம் இணைப்புக் கொடுத்த பின்னாலும் இது நடக்கும். ஆரி வேலை சொல்லிக்கொடுத்த ஓர் அம்மாவின் தளத்துக்கு நானாகவே இணைப்புக் கொடுத்திருந்தேன், மாற்று எதுவும் கேட்கவில்லை. சில ஆண்டு கழித்து ஒரு வாசகி எழுதினார்: "அக்கா, ஆரி வகுப்பு என்று அழுத்தினால் சீட்டாட்டம் வருகிறதே?" அந்த அம்மா முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், யாரோ எடுத்துக்கொண்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத விஷயம், ஆனால் என் வாசகிகளை நான்தான் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். மொய் நோட்டு என்றுதான் வீட்டில் பெயர். யாருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, எந்தச் சொற்களில், எந்தத் தேதியில் இணைப்புக் கொடுத்தேன், யார் எனக்கு எங்கே கொடுத்தார்கள் என்று எழுதுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, காபியோடு, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு டிக் போடுவேன். இணைப்பைக் கொடுத்துவிட்டு நாற்பது நாள் கழித்துச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறவர்களும் இந்த நோட்டில்தான் சிக்கினார்கள்.

ஏமாற்று இருப்பது உறுதியானால், ஒரு கடிதம் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. "இன்ன பக்கம் ரோபோட்ஸ் கோப்பில் தடைபட்டிருக்கிறது, தெரிந்துதான் செய்தீர்களா?" என்று கேளுங்கள். சில நேரம் தளத்தை வடிவமைத்தவர் செய்த வேலையாக இருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் உங்கள் பக்கத்து இணைப்பை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். சண்டை போடாதீர்கள். 2014-இல் நான் மூன்று நீளக் கடிதங்கள் எழுதினேன், அந்த நேரத்தில் ஒரு பாவாடை தைத்திருக்கலாம்.

கூகுளில் 2012 அக்டோபரில் வந்த டிஸ்அவோ என்ற கருவி இருக்கிறது, வேண்டாத இணைப்புகளை நிராகரிக்க. அதை எடுத்துக்கொண்டு கண்ட இடத்தில் சுடாதீர்கள். ஊரில் உள்ள குப்பைத் தளங்கள் நம் பெயரைப் போட்டிருந்தால் கூகுள் பெரும்பாலும் தானாகவே தள்ளிவிடுகிறது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், விதிமீறலுக்காக எடுத்த கைமுறை நடவடிக்கைகள் என்ற பகுதியில் உங்களுக்கு அறிவிப்பு வந்திருந்தாலோ, நீங்களே முன்பு வாங்கிக் குவித்தவை இருந்தாலோதான் அதற்கு வேலை.

இவ்வளவும் சொன்னது அவர்கள் நம்மை ஏமாற்றுவது பற்றி. நாமும் அவர்களும் சேர்ந்து தேடுகிறவரை ஏமாற்றுவது என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் நூல் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் தைப்பது பொய்ச் சட்டை. எனக்குக் கொடு, உனக்குக் கொடுக்கிறேன் என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வது விதிமீறல் என்று கூகுள் தன் கொள்கையில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இங்கே மொய் நோட்டு நம் கையில் மட்டும் இல்லை. ஊரில் உள்ள எல்லோருடைய நோட்டையும் தேடுபொறி ஒன்றாக விரித்து வைத்துப் படிக்கிறது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது செயற்கை இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் வரிசையில் சரிந்தன.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் பிரபலம். ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கத் துணிக்கடை நிறுவனம் ஆடைகள், படுக்கை விரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் நட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொல்லி, அந்த வேலையைப் பார்த்த ஆலோசகர்களை நீக்கியது. அவ்வளவு பெரிய கடைக்கு அது ஒரு சங்கடம். நம்மைப் போன்ற ஒற்றை ஆள் தளம் 71-க்குப் போனால் பிறகு நம் வீட்டார்தான் வாசகர்கள்.

ஆகவே நான் இப்போது மாற்று என்று எதுவும் செய்வதில்லை. அப்பா தன் வாடிக்கையாளர்களை ஒரு குறிப்பிட்ட பொத்தான் கடைக்குத்தான் அனுப்புவார். அந்தக் கடைக்காரர் ஒரு நாளும் ஓர் ஆளையும் அப்பாவிடம் அனுப்பியதில்லை என்று அம்மா அவ்வப்போது முணுமுணுப்பார். "அந்தப் பொத்தான் உடைவதில்லை" என்பார் அப்பா. என் கட்டுரையைப் படிக்கிறவருக்கு அந்த இடத்தில், அந்த வரியில், இன்னொரு தளம் உதவும் என்றால் கேட்காமலே இணைப்புக் கொடுக்கிறேன். உதவாது என்றால் எவ்வளவு நல்ல கடிதம் வந்தாலும் கொடுப்பதில்லை. யாராவது பணமோ இலவசத் துணியோ தந்தால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டு, இணைப்பில் "ஸ்பான்சர்டு" என்ற குறியைப் போடுகிறேன். 2019 செப்டம்பரில் கூகுள் இதற்கென்றே கொண்டுவந்த குறி அது.

கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் தயாராக இருக்கிறது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். நான் இணைப்பு மாற்றிக்கொள்வதில்லை. உங்கள் தளத்தில் என் வாசகிகளுக்கு உதவும் ஒரு பக்கம் இருந்தால் முகவரி அனுப்புங்கள், படித்துப் பார்த்து, பொருந்தினால் நானே சேர்க்கிறேன். பதிலுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். என் கட்டுரைகளில் எது உங்களுக்குப் பிடித்தது, எந்த இடத்தில் என்று ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்."

கடைசி வரிதான் சல்லடை. அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் படித்திருக்க வேண்டும். கைக்குழி கட்டுரையில் மூன்றாவது படத்தில் தையல் ஓரம் தவறாக வரைந்திருக்கிறது என்று ஒருவர் பதில் எழுதினார். உண்மைதான், தவறு. திருத்திவிட்டு, அவருடைய நூல் கடைக்கு அன்றே இணைப்புக் கொடுத்தேன்.

காப்பீட்டுக்காரருக்கும் இதே பதிலைத்தான் அனுப்பினேன். மறுநாளே எழுதிவிட்டார்கள். என் வாகனக் காப்பீட்டுக் கட்டுரையை மீண்டும் ஒரு முறை படித்தார்களாம். முடிவுரை மிகவும் பிடித்திருந்ததாம்.